மேல்வீட்டுக் கடவுளுக்குக் காது கேட்கவில்லை

குருவி எழுதிய புது நாவலின் கைப்பிரதியைக் கடைசிப் பக்கம் வரை படித்தார் அண்ணன். மேஜை மேல் வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். குருவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. போன் செய்தாள், எடுக்கவில்லை. 'கோபமா?' என்று செய்தி அனுப்பினாள். பார்த்துவிட்டதாகக் காட்டியது. பதில் வரவில்லை.

குருவி என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். ஐம்பதை நெருங்கியும் அது அவளை விடவில்லை. விட்டால்தான் என்ன? அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது இரண்டே பேர். அண்ணனும் அண்ணியும்.

இன்று காலை பதிப்பாசிரியர் அழைத்தபோது அவள் வேலைக்குக் கிளம்பி, ஒற்றைக் காலில் நின்று செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"படிச்சிட்டேங்க. ரெண்டு தடவை." அந்த அம்மாளின் குரலில் உற்சாகம் வழிந்தது. "உங்க முதல் ரெண்டு நாவலும் நல்லா இல்லைன்னு சொல்லல. ஆனா இது வேற. மேல்வீட்டை விட்டு இறங்கி வரவே மனசில்லை எனக்கு. கண்டிப்பாப் போடறோம்."

குருவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்."

"ஒரே ஒரு விஷயம். புராணத்தைத் தொட்டு எழுதினா சிலருக்குச் சுருக்குன்னு தைக்கும். நீங்க கடவுளுக்கே காது கேக்கலன்னு எழுதியிருக்கீங்க. அதான் யோசிச்சோம். உங்க அண்ணன் ஆன்மிகப் பேச்சைக் கேக்க அத்தனை கூட்டம் வருது. அவர் ஒரு முன்னுரை குடுத்துட்டார்னா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

"அவர் குடுக்கலைன்னா?"

"குடுக்காம இருப்பாரா என்ன? தங்கச்சி புத்தகமாச்சே. கேட்டுட்டு இந்த வாரத்துக்குள்ள சொல்லுங்க."

போனை வைத்தபின் குருவி நல்ல செய்தியை யாரிடம் சொல்வது என்று பார்த்தாள். போனில் இருந்த பெயர்கள் பாதிக்கு மேல் மருத்துவமனைக்காரர்கள், பிளம்பர், கேஸ்காரர். வரிசையில் முதலில் நின்ற பெயர் அண்ணன். விரல் அதன் மேல் போய், அழுத்தாமல் திரும்பியது.

"புத்தகம் வருது," என்று காலியான கூடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. வெட்கமாக இருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இந்த மேல்வீடு வந்த வழியைச் சொன்னால்தான் அண்ணனுடைய மௌனம் அவளை ஏன் இப்படி அறுக்கிறது என்பது புரியும்.

சின்ன வயதில் அவர்கள் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தார்கள். மேல்மாடி எப்போதும் பூட்டியே கிடக்கும். சொந்தக்காரர்கள் எங்கோ தூர தேசத்தில். சாயங்காலம் அப்பா வேதத்தையும் புராணத்தையும் உரக்கப் படிப்பார். பிள்ளைகள் இருவரும் முன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டும். அப்படி ஒருநாள் படித்துக்கொண்டிருந்தபோது மேலே தண்ணீர்க் குழாய் 'கொளகொள' என்றது.

"அது என்னடா?" என்று காதைக் கடித்தாள் குருவி.

"கடவுள் பல் விளக்கறார்," என்றான் அண்ணன், முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

அவ்வளவுதான். அன்று தொடங்கியது. மேல்வீட்டில் ஒரு பெரிய கடவுள் குடும்பமே குடியேறியது. உலகத்தைப் படைத்துவிட்டு எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டே இருக்கும் மறதியம்மா. மழையைப் பூட்டி வைத்துச் சாவியைத் தொலைக்கும் சாவிக்காரர். எல்லோருடைய வேண்டுதலையும் கேட்கிற மூத்தவர். பாதி அண்ணன் செய்தது, பாதி அவள் செய்தது. மூத்தவர் அவளுடையவர். எல்லோரும் அவரிடம் தங்கள் கஷ்டத்தைச் சொல்கிறார்களே, அவர் கஷ்டத்தை அவர் யாரிடம் சொல்வார் என்று அவளுக்கு அழுகை வரும். "அவருக்குத்தான் நாம இருக்கோமே," என்பான் அண்ணன்.

பதினாறு வயதில் அவன் வேதபாடம் படிக்க விடுதிக்குப் போனான். முதல் விடுமுறைக்கு வந்தவனிடம், பை இறங்குவதற்குள், "மேல்வீட்டுல இப்ப என்ன நடக்குது தெரியுமா?" என்று ஓடினாள். அவன் பெரிய மனிதன் போல நின்று, "கடவுளை வெச்சு விளையாடக் கூடாது குருவி. தப்பு," என்றான்.

இரண்டு பேருக்காகக் கட்டிய வீட்டில் அதன்பின் அவள் மட்டும் இருந்தாள்.

வளர்ந்தாள். படித்தாள். காது பரிசோதனை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிறவர்கள் அவளைக் 'காது டாக்டர்' என்பார்கள். டாக்டர் இல்லை, சோதனை மட்டும்தான் செய்கிறேன் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். கல்யாணப் பேச்சு ஒருகாலத்தில் வந்தது, அதுவே போயும் போனது. அலுவலகம், குடும்பம், மனக்கசப்பு என்று இரண்டு நாவல்கள் எழுதினாள். பத்திரிகைகள் பாராட்டின. ஆனால் அச்சான புத்தகத்தைப் புரட்டினால் யாரோ எழுதியது போல இருந்தது.

பிறகு ஒருநாள் மையத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். அவள் என்ன சொன்னாலும் சிரித்தபடி தலையாட்டினார். "பேர் என்ன?" என்றாள். தலையாட்டினார். "யாரோட வந்திருக்கீங்க?" அதற்கும் தலையாட்டல். கேட்கவில்லை என்று சொல்வதைவிட அதுதான் அவருக்குச் சுலபமாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல் எழுதினாள்: 'மேல்வீட்டில் மூத்தவருக்குக் காது கேட்காமல் போனதைக் கீழே யாரும் கவனிக்கவில்லை. அவர் எப்போதும்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.'

எழுதி முடித்ததும் முதலில் அண்ணனுக்குத்தான் படிக்கக் கொடுத்தாள். வேறு யாருக்கு அந்த வீட்டு வழி தெரியும்?

மையத்துக்குப் போய் வெள்ளைக் கோட்டை மாட்டியதும் வரவேற்பில் இருக்கும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"மேடம், அடுத்தவரை அனுப்பட்டுமா? பேர் சொல்ல மாட்டேங்கறார். உங்களைத்தான் பாக்கணுமாம். எங்கியோ பாத்த முகமா இருக்கு."

உள்ளே வந்தது அண்ணன்.

மேடைச் சால்வை இல்லை. சாதாரணச் சட்டை. தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தார். அவர் குருவியைப் பார்க்கவில்லை, மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் காது மாதிரியைப் பார்த்தார்.

"சோதிக்கணும்," என்றார்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். வேற யாருக்கு?"

குருவியின் வாய் தன்பாட்டில் வேலையைச் செய்தது. "உள்ள உக்காருங்க. ஹெட்போன்ல சத்தம் கேட்டா இந்தப் பொத்தானை அழுத்துங்க. ரொம்பச் சின்னதாக் கேட்டாலும் அழுத்துங்க." அண்ணனை 'ங்க' போட்டுப் பேசியதை அப்புறம்தான் உணர்ந்தாள்.

சத்தம் புகாத அந்தச் சின்ன அறையின் கனத்த கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

தடித்த ஒலிகளுக்கு அண்ணன் சட்டென்று அழுத்தினார். குருவி கீச்சென்ற மெல்லிய ஒலிகளுக்கு ஏறினாள். அழுத்தவில்லை. சத்தத்தைக் கூட்டினாள். அழுத்தவில்லை. இன்னும் கூட்டினாள். அவர் தலையைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, யாரோ தன்னைக் கூப்பிடப் போகிறார்கள் என்பது போலக் காத்திருந்தார். நடுவே ஒலியே இல்லாதபோது அவசரமாக ஒருதரம் அழுத்தினார். பரீட்சையில் விடை தெரியாத பையன் குத்துமதிப்பாக எழுதுவது போல.

அடுத்தது சொல் சோதனை. உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்காமலிருக்க ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"கதவு."

"கனவு," என்றார் அண்ணன்.

"பந்து."

"சந்து."

"சாவி."

"ஆவி."

தப்பான சொல்லையும் மேடையில் முழங்குவது போலக் கணீரென்று சொன்னார். குருவி ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தாள். ஒரு கட்டத்தில் பேனா நின்றது. வரிசையில் இல்லாத ஒன்றை, ஏன் என்று தெரியாமலே சொன்னாள்.

"மறதியம்மா."

அண்ணன் நிமிர்ந்தார்.

"மறதியம்மா," என்றார், தணிந்த குரலில்.

"சாவிக்காரர்."

"சாவிக்காரர்."

"பல் விளக்கறவர்."

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இதெல்லாம் கணக்கில் வராது என்று குருவிக்குத் தெரியும். காது கேட்டதல்ல அது, மனசு அடையாளம் கண்டுகொண்டது. விளக்கப்படத்தில் அதைக் குறிக்க இடமில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"உனக்குச் சத்தம் கேக்குது, சொல்லு கேக்கல," என்றாள், அவர் முகத்துக்கு நேரே நின்று. "மெல்லிசான எழுத்தெல்லாம் உதிர்ந்துபோயிடுது. பொம்பளைங்க குரல், குழந்தைங்க குரல் இன்னும் கஷ்டம். இது நேத்து வந்ததில்ல அண்ணா. கொஞ்ச காலமாவே இருந்திருக்கும்."

"அதான் உனக்கு முன்னாடியே தெரியுமே."

"எனக்கா?"

"நடிக்காத. உன் கதைல மூத்தவர் காது கேக்காம தலையாட்டறார். கீழ இருக்கறவங்க அதை ஆசீர்வாதம்னு நினைச்சுக் கும்பிடறாங்க. படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் கூசிடுச்சு. நேர்ல சொல்லியிருக்கலாமே. ஊர் சிரிக்க எழுதணுமா?"

அண்ணனுக்குக் கோபம் என்றுதான் குருவி நினைத்திருந்தாள். மதம், தெய்வ நிந்தனை, இப்படி ஏதேதோ நினைத்து மனசுக்குள் எத்தனை பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள்!

"சத்தியமா உன்னை நினைச்சு எழுதல. இங்க வந்த ஒரு பெரியவரைப் பாத்து எழுதினது. நான் ஆரம்பிச்சப்போ உனக்கு நல்லாவே கேட்டுது."

அண்ணன் அவள் முகத்தையே பார்த்தார். நம்பினார் என்றுதான் தோன்றியது. நம்பியதில் அவருக்கு நிம்மதி வரவில்லை. தானாகவே காட்டிக்கொடுத்துக்கொண்ட சங்கடம்தான் வந்தது.

"பேச்சு முடிஞ்சதும் வரிசையா வந்து நிப்பாங்க குருவி. குனிஞ்சு, குசுகுசுன்னு கஷ்டத்தைச் சொல்வாங்க. பாதி புரியாது. முகத்தைப் பாத்து ஏதாவது சொல்லி அனுப்புவேன். போன வாரம் ஒரு அம்மா வந்தாங்க. 'பையன்' மட்டும் காதுல விழுந்துது. கண்ணுல தண்ணி. சந்தோஷத்துல அழறாங்கன்னு நினைச்சேன். 'நல்லதுதான் நடந்திருக்கு, இனிப்பு வாங்கிக் குடுங்க எல்லாருக்கும்'னேன்." அவர் நிறுத்தினார். "பையன் செத்துப் போயிருக்கான்."

"பக்கத்துல இருந்தவங்க என்னை ஞானின்னு நினைச்சுக்கிட்டாங்க. சாவைக்கூட நல்லதுன்னு சொல்றாரேன்னு. அந்த அம்மா மட்டும் என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் போனாங்க."

"மிஷின் போட்டுக்கலாம் அண்ணா. இப்ப வர்றதெல்லாம் சின்னது. இன்னிக்கே ஒண்ணு தரேன், போட்டுப் பாரு."

"மேடைல மிஷினோட போய் உக்காந்தா, இத்தனை நாள் எங்க கஷ்டத்தை என்னத்தைக் கேட்டீங்கன்னு கேப்பாங்க. என்ன பதில் சொல்லட்டும்?" எழுந்து தொப்பியை எடுத்தார். "ரெண்டு விஷயம். உங்க அண்ணிக்குத் தெரியக் கூடாது. அவளுக்குத் தெரிஞ்சா ரேடியோல சொன்ன மாதிரி. இன்னொண்ணு, அந்தத் தலையாட்டற அத்தியாயத்தை எடுத்துடு. நாளைக்கு எனக்குக் காது கேக்கலன்னு வெளிய வந்தா, எல்லாரும் அதைத்தான் விரிச்சு வெச்சுக்குவாங்க."

அந்த அத்தியாயத்தை எடுத்தால் நாவலில் மிஞ்சுவது அட்டைதான். குருவி அதைச் சொல்லவில்லை. முன்னுரை பற்றியும் பேசவில்லை. "இங்க நடந்ததை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்று மட்டும் சொன்னாள். அது அவள் வேலையின் கட்டளையும்கூட.

கதவுப் பிடியில் கை வைத்தவர், திரும்பாமலே சொன்னார்: "சாவிக்காரர் நான் பண்ணினவர். எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டேனே. நீ விடுதிலேர்ந்து வந்தன்னிக்குக் கேட்டேன். விளையாடக் கூடாதுன்னு சொல்லிட்ட."

அவள் அதை அவருடைய முதுகிடம்தான் சொன்னாள். அண்ணன் காதில் விழவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

மதியம் சாப்பாட்டு அறையில் சக ஊழியர்கள் யாருடைய மகனோ வாங்கிய புதுக் காரைப் பற்றிப் பேசினார்கள். குருவி சரியான இடங்களில் சிரித்தாள். 'என் புத்தகம் வருகிறது' என்று ஒருமுறை வாய் வரை வந்தது. வருகிறதா இல்லையா என்பது இப்போது அவளுக்கே தெரியாது. டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சாயங்காலம் பேருந்தில் அண்ணியின் போன்.

"குருவி, நான் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பறேன். உன்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னுதான்."

"போய்ட்டு வாங்க அண்ணி, எப்ப வருவீங்க?"

"வரமாட்டேன்."

பேருந்து ஒரு குலுக்கு குலுக்கியது. குருவி கம்பியை இறுகப் பிடித்தாள்.

"உங்க அண்ணன் என்னோட பேச்சை விட்டுட்டார்மா," என்றாள் அண்ணி. அழவில்லை. அழுது முடித்த குரல் அது. "சமையல்கட்டுலேர்ந்து கூப்பிட்டா திரும்பறதில்ல. ராத்திரி படுத்துக்கிட்டு ஏதாவது சொன்னா சுவரைப் பாத்துட்டே கிடக்கார். ஊர்ல இருக்கறவன் கஷ்டமெல்லாம் மண்டபத்துல உக்காந்து கேக்கறார். நான் மட்டும் என்ன பாவம் பண்ணினேன்? காலைல, 'நான் போறேன், இனிமே திரும்பி வரமாட்டேன்'னு சொல்றேன். பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கல. சரின்னு விட்டுட்டேன்."

குருவியின் நாக்கு நுனியில் ஒரே ஒரு வாக்கியம் நின்றது. அதைச் சொன்னால் போதும். ஆனால் அது அவள் சொல்ல வேண்டிய வாக்கியம் இல்லை.

"அண்ணி, நான் வந்துட்டே இருக்கேன். நான் வர்ற வரைக்கும் எங்கயும் போகாதீங்க."

"நீ வந்து என்ன சொல்லப் போற?"

"தெரியல. வரேன்."

அண்ணனுக்குப் போன் செய்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கப் பேருந்தைப் பிடித்தாள்.

அண்ணன் வீட்டு முன்னறையில் பெட்டி தயாராக நின்றது. அண்ணி நாற்காலி விளிம்பில், யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளி போல உட்கார்ந்திருந்தாள். அண்ணன் உள்ளறையில் வாசலுக்கு முதுகு காட்டிப் படித்துக்கொண்டிருந்தார். குருவி நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"நீ எப்ப வந்த?" என்று திடுக்கிட்டார்.

"எந்திரிச்சு வா. அண்ணி பெட்டி கட்டி வெச்சிருக்காங்க."

"பெட்டியா? எங்க போறா?"

"அதை அவங்களைக் கேளு. அவங்க முகத்தைப் பாத்துக் கேளு."

அண்ணன் முன்னறைக்கு வந்தார். பெட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ஆயிரம் பேர் முன்னால் தடுமாறாத மனிதருக்கு அங்கே வார்த்தை கிடைக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம..."

"சொல்லாமயா?" அண்ணி எழுந்துவிட்டாள். "காலைல சொன்னேன். மத்தியானம் சாப்பாடு போடறப்போ சொன்னேன். இன்னும் எத்தனை தடவை சொல்லணும்?"

அண்ணன் குருவியைப் பார்த்தார். கேட்டுக்கொள்ளும் பார்வை. குருவி அசையவில்லை.

"எனக்குக் கேக்கல," என்றார் அண்ணன்.

"கேக்காது. என் பேச்சை என்னைக்குத்தான் கேட்டிருக்கீங்க நீங்க!"

"ஐயோ, அது இல்ல..."

அப்போது அழைப்பு மணி அடித்தது. கீச்சென்று, ஊசி போல மெல்லிய சத்தம். அண்ணியைக் கூட்டிப்போக டாக்சிக்காரர் வந்துவிட்டார். அண்ணி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். குருவியும் பார்த்தாள். அண்ணன் மட்டும் திரும்பவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்தபடி, அவள் உதடு அசைவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

மணி மறுபடி அடித்தது. நீளமாக.

அண்ணி கணவனைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். திரும்பவும் கணவனைப் பார்த்தாள். பெட்டியின் பிடியிலிருந்து அவள் கை தானாக நழுவியது. கிட்டே போய் அவர் கன்னத்தைத் தொட்டாள். பார்வையில்லாதவர் தொட்டுப் பார்ப்பது போல. அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்சிக்காரரை அனுப்பிவிட்டு வரலாம் என்று குருவி ஓசைப்படாமல் வாசலுக்கு நகர்ந்தாள். அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் இடமிருந்தது.

"குருவி."

அண்ணியின் குரல். கணவனின் கையை விடாமலே அவள் திரும்பியிருந்தாள். கண்ணில் ஈரம் அப்படியே இருந்தது, ஆனால் பார்வை மாறியிருந்தது.

"என் முகத்தைப் பாத்துக் கேளுன்னு நீதானே அவர்கிட்ட சொன்ன?" என்றாள். "அப்போ உனக்கு இது முன்னாடியே தெரியும். போன்ல நான் அவ்வளவு புலம்பினப்பவும் தெரியும். உன் புத்தகத்துல ஒரு கிழவருக்குக் காது கேக்காதுன்னு அன்னிக்குப் படிச்சுட்டு வந்து தனக்குத்தானே முணுமுணுத்தார். அது இவர்தானா?"